அம்மோனியா பிளான்டில் ஏர் பர்ஜர் மக்கர் செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மோனியா குளிர்பதன சிஸ்டத்துக்குள் புகுந்த காற்றைப் பிரித்து வெளியேற்றுவதுதான் பர்ஜரின் வேலை. கம்ப்ரசர் ரூமின் ஒரு மூலையில் சின்னதாக நிற்கும். கம்ப்ரசரில் லேசாகச் சத்தம் மாறினாலே ஓடிப்போய்ப் பார்க்கிறோம். பர்ஜர் ஆறு மாதம் செத்துக் கிடந்தாலும் கரண்ட் பில் வரும்வரை யாருக்கும் தெரியாது. ஷிப்டில் நிற்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கீழே வரும் அழுத்தக் கணக்குகளில் "கேஜ்" என்றால் மீட்டர் காட்டும் அளவு. "அப்சல்யூட்" என்றால் அதோடு வெளிக்காற்றின் அழுத்தம், சுமார் 1 பார், சேர்ந்தது.

ஹெட் பிரஷர் ஏறிவிட்டது. காற்றுதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹெட் பிரஷர், அதாவது அம்மோனியா வாயு குளிர்ந்து திரவமாகும் கண்டன்சரில் உள்ள அழுத்தம், ஏறப் பல காரணங்கள் உண்டு. கண்டன்சர் குழாயில் உப்பு படிந்திருக்கலாம், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், தண்ணீர் தெளிக்கும் நாசில் அடைத்திருக்கலாம், திரவம் வடியாமல் கண்டன்சருக்குள்ளேயே தேங்கியிருக்கலாம். இவற்றிலிருந்து காற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு ஒப்பீடு: அழுத்தத்தையும் திரவத்தின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

சுத்தமான அம்மோனியாவுக்கு ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரே ஒரு அழுத்தம்தான். 25 டிகிரி செல்சியஸில் சுமார் 10.0 பார் அப்சல்யூட், 30 டிகிரியில் 11.7, 35 டிகிரியில் 13.5, 40 டிகிரியில் 15.5. குழாயில் உப்பு படிந்திருந்தால் அழுத்தமும் ஏறும், திரவத்தின் வெப்பநிலையும் கூடவே ஏறும். இரண்டும் அட்டவணைப்படி ஒத்துப்போகும். காற்று இருந்தால் அழுத்தம் மட்டும் தனியாக மேலே நிற்கும்.

ஓர் உதாரணம். கண்டன்சர் 30 டிகிரியில் நிலைத்திருக்கிறது. கேஜ் 10.7 பார் காட்ட வேண்டும், ஆனால் 11.9 காட்டுகிறது. அந்த 1.2 பார், அம்மோனியாவின் பங்குக்கு மேல் காற்று ஏற்றி வைத்த சுமை. கம்ப்ரசரைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட 33.5 டிகிரிக்கான அழுத்தத்தை எதிர்த்து ஓடுகிறது. கண்டன்சிங் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசரின் மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும். அப்படியென்றால் மூன்றரை டிகிரிக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இரவும் பகலும் ஓடும் மெஷினில் இது சின்ன விஷயம் இல்லை.

நம்பகமாக அளக்க வேண்டுமானால் பிளான்ட் ஓடாத நேரம்தான் சரி. கம்ப்ரசரை நிறுத்துங்கள். கண்டன்சரில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும், அந்த வெப்பநிலைக்கு உரிய அழுத்தத்தை அட்டவணையில் எடுத்து கேஜோடு ஒப்பிடுங்கள். ஓடும்போதே பார்க்கத்தான் வேண்டும் என்றால், கண்டன்சரின் வடிகுழாயில் தெர்மாமீட்டரைப் பொருத்தி, மேலே இன்சுலேஷன் சுற்றிப் பாருங்கள். ஆனால் ஓடும் கண்டன்சரில் திரவம் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்து வரும். திரவம் தேங்கி நின்றால் இன்னும் அதிகமாகக் குளிரும், காற்று இருப்பது போலவே தோன்றும். அதனால் ஓட்டத்தில் எடுத்த அளவில் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள்.

அந்த கேஜையே நம்பலாமா?

முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அரை பார் தப்பாகக் காட்டும் ஒரு கேஜ், இல்லாத காற்றைத் தேடி உங்களை ஒரு வாரம் அலைய வைக்கும். சோதித்துச் சரிபார்த்த ஒரு கேஜை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் பேனலில் தெரியும் எண் அப்சல்யூட்டா கேஜா என்பதையும் பாருங்கள். இந்த ஒரு பார் குழப்பத்தால் நல்ல பர்ஜரைக் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிஸ்டம் முழுக்க பிரஷரில்தானே இருக்கிறது? காற்று எந்த வழியாக வரும்?

எல்லா இடத்திலும் பிரஷர் இல்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தில் அம்மோனியா கொதிப்பது மைனஸ் 33.3 டிகிரியில். அதற்கும் கீழே ஓடும் ஃப்ரீசர், பூஸ்டர் (குறைந்த அழுத்தப் பக்கத்தின் கம்ப்ரசர்) பக்கமெல்லாம் வாக்குவத்தில்தான் இருக்கிறது. மைனஸ் 40 டிகிரியில் உள்ளே இருப்பது வெறும் 0.72 பார் அப்சல்யூட். அங்கே ஒரு வால்வு கிளாண்ட் (வால்வின் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) தளர்ந்தால் அம்மோனியா வெளியே வராது, காற்று உள்ளே போகும். நாற்றமும் வராது என்பதால் ஆபரேட்டருக்குத் தெரியவே தெரியாது. இதுதான் இதில் மோசமான பகுதி.

மற்ற வழிகள் நம் கையால் நடப்பவை. பழுது பார்க்கத் திறந்த இடத்தை வாக்குவம் இழுக்காமல் மூடுவது, பிரஷர் டெஸ்டுக்கு ஏற்றிய நைட்ரஜனை மிச்சம் விடுவது, சார்ஜிங் ஹோஸில் இருந்த காற்றோடு அம்மோனியா ஏற்றுவது, ஆயில் ஊற்றும்போது கவனக்குறைவு. டிஸ்சார்ஜ் சூடு எல்லை மீறினால் அம்மோனியாவும் ஆயிலும் சிதைந்து திரவமாகாத வாயுக்களைக் கொஞ்சம் விடும், ஆனால் சராசரி பிளான்டில் அது சிறு பங்குதான்.

உள்ளே வந்த காற்று, கம்ப்ரசர் வழியாக ஹை சைடுக்கு, அதாவது கண்டன்சர் இருக்கும் உயர் அழுத்தப் பக்கத்துக்கு, போய்ச் சேரும். அங்கே அம்மோனியா திரவமாகி, ரிசீவர் என்ற சேமிப்புத் தொட்டிக்கு இறங்கிவிடும், காற்றால் திரவமாக முடியாது. ரிசீவரில் திரவம் ஒரு தடுப்பு போல நிற்பதால் திரும்பவும் லோ சைடுக்குப் போக வழியில்லை. மாட்டிக்கொள்கிறது.

எங்கள் சக்ஷன் (கம்ப்ரசர் வாயுவை இழுக்கும் பக்கம்) ஒருநாளும் வாக்குவத்துக்குப் போவதில்லை. பர்ஜர் எதற்கு?

ஓயாத கசிவு உங்களுக்கு இருக்காது, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு ஓவர்ஹாலிலும் ஒவ்வொரு சார்ஜிங்கிலும் கொஞ்சம் நுழையும், தானாக வெளியே போகாது. பெரிய ஆட்டோமேட்டிக் யூனிட் வேண்டாம் என்றாலும், வெளியேற்ற ஒரு ஒழுங்கான ஏற்பாடு வேண்டும்.

பர்ஜருக்குள் என்னதான் நடக்கிறது?

இது புரிந்துவிட்டால் கோளாறு பார்ப்பதில் பாதி வேலை முடிந்தது. கண்டன்சரிலிருந்து வரும் வாயுவில் அம்மோனியாவும் காற்றும் கலந்திருக்கும். ஃபவுல் காஸ் என்பார்கள். பர்ஜர் அதைக் கண்டன்சர் அழுத்தத்திலேயே வைத்துக்கொண்டு, சக்ஷன் அளவுக்குக் குளிர வைக்கிறது. அந்தக் குளிரில் அம்மோனியாவின் பெரும்பகுதி திரவமாகி சிஸ்டத்துக்கே திரும்பும். மிஞ்சுவது காற்று. காற்று சேரச் சேர உள்ளே இருக்கும் திரவ மட்டம் இறங்கும், அல்லது வாயுவின் வெப்பநிலை இறங்கும். ஃப்ளோட்டோ சென்ஸாரோ அதைக் கண்டு வெளியேற்றும் வால்வைத் திறக்கும். காற்று, பபிளர் என்ற தண்ணீர்ப் பாத்திரத்தின் வழியாக வெளியே போகும்.

எவ்வளவு குளிர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பு சொன்ன அதே பிளான்டில் மொத்த அழுத்தம் 12.9 பார் அப்சல்யூட் என்று வையுங்கள். பர்ஜர் மைனஸ் 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே அம்மோனியாவின் பங்கு 1.2 பார்தான். வெளியேறும் வாயுவில் அம்மோனியா கனஅளவில் சுமார் 9 சதவீதம். மைனஸ் 10 டிகிரி வரைக்கும்தான் குளிர்கிறது என்றால் அது 22 சதவீதத்தைத் தாண்டும். பிளஸ் 10 டிகிரியிலேயே நின்றுவிட்டால் கிட்டத்தட்ட பாதி. கண்டன்சரிலிருந்து 30 டிகிரியில் நேராகக் கையால் திறந்துவிட்டால் 90 சதவீதம் அம்மோனியாதான் போகிறது, காற்று பத்தில் ஒன்று. இந்த நான்கு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பர்ஜர் ஆனில் இருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் ஒரு தடவைகூட காற்றை வெளியேற்றவில்லை. என்ன பார்க்க வேண்டும்?

காற்று இல்லாததால் சும்மா இருக்கிறதா, காற்று இருந்தும் சும்மா இருக்கிறதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அழுத்தம், வெப்பநிலை ஒப்பீட்டைச் செய்யுங்கள். ஒத்துப்போனால் பர்ஜர் மேல் பழி இல்லை. ஒத்துப்போகவில்லை என்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள். எனக்கு அனுபவத்தில் நேரம் மிச்சம் பண்ணிய வரிசை இது.

முதல் கேள்வி: பர்ஜர் குளிர்ந்திருக்கிறதா? சக்ஷன் பக்கப் பைப்பிலும், இன்சுலேஷன் இல்லாத பாகங்களிலும் உறைபனி பிடித்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள், மற்றதைத் தொட வேண்டாம். குளிராத பர்ஜரால் எதையும் பிரிக்க முடியாது. திரவ லைனில் யாராவது வால்வை மூடி வைத்திருக்கிறார்களா, ஸ்ட்ரெய்னர் துருவால் அடைத்திருக்கிறதா, எக்ஸ்பான்ஷன் துவாரம் அடைத்ததா என்று வரிசையாகப் பாருங்கள். சக்ஷன் வால்வு மூடியிருந்தாலும் இதே கதைதான். இவை எல்லாம் சரியாக இருந்தும் குளிர் போதவில்லை என்றால் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். அம்மோனியாவோடு கனிம ஆயில் கலக்காது, திரவத்தைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். குளிர் காயிலின் மேல் படிந்தால் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். ஆயில் டிரெயின் வைத்த பர்ஜரில்கூட அதைத் தொட்டே வருஷக்கணக்கான இடங்கள் உண்டு.

குளிர் சரியாக இருக்கிறது, அப்புறமும் வெளியேற்றவில்லை. இப்போது ஃபவுல் காஸ் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பர்ஜ் பாயிண்டில் (ஃபவுல் காஸை எடுக்கும் இடம்) உள்ள சொலினாய்டு வால்வுக்கு (மின்காந்தத்தால் திறக்கும் வால்வு) கரண்ட் போனால் காயில் லேசாக இரும்பை இழுக்கும், ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்தாலே தெரியும். காயில் வேலை செய்தும் வால்வு திறக்காமல் அழுக்கில் ஒட்டிக்கிடக்கலாம். திறந்தால் பைப்பில் வாயு ஓடும் சத்தம் கேட்க வேண்டும். ஸ்ட்ரெய்னரையும் அங்குள்ள சிறு துவாரத்தையும் சுத்தம் செய்யுங்கள்.

மூன்றாவது, வெளியேறும் பாதை. வென்ட் வால்வின் துவாரம் மிகச் சிறியது, ஒரு துரு மணல் போதும் அடைக்க. அதற்குப் பிறகு வரும் நான்-ரிட்டர்ன் வால்வும் (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு), தண்ணீரைத் தொடும் முனையும் உப்பு படிந்து மூடிக்கொள்ளும். கடின நீர் ஊற்றும் இடங்களில் நான் முதலில் பார்ப்பதே அந்த முனையைத்தான். கடைசியாக ஃப்ளோட்: ஓட்டை விழுந்து திரவம் புகுந்த ஃப்ளோட் மிதக்காது, அழுக்கில் மாட்டியது அசையாது. இரண்டுமே திறந்துதான் தெரியும், அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிடக் கூடாது. சில வகை பர்ஜர்களை நிறுத்தி மறுபடி ஓட்டும்போது, உள்ளே அம்மோனியா திரவத்தை ஒரு மட்டம் வரை நிரப்பிவிட்டுத்தான் ஃபவுல் காஸைத் திறக்க வேண்டும். சர்வீஸ் முடிந்த மறுநாள் "வேலை செய்யவில்லை" என்று வரும் அழைப்புகளில் இதுவும் ஒன்று.

எதிர்மாறாக, ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. பர்ஜர் சின்னதாகிவிட்டதா?

அவசரப்பட்டு பெரிய பர்ஜர் வாங்காதீர்கள். வெளியே போவது காற்றா அம்மோனியாவா என்பதைப் பபிளரில் பாருங்கள், எப்படி என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். அம்மோனியா என்றால் கோளாறு பர்ஜரில். காற்றுதான் என்றால் பர்ஜர் தன் வேலையைச் செய்கிறது, ஓட்டை வேறெங்கோ இருக்கிறது. அண்மையில் பெரிய ஓவர்ஹால் நடந்திருந்தால் சில நாட்கள் இப்படி ஓடுவது இயல்பு, எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் கசிவைத் தேடுங்கள்.

வாக்குவப் பக்கக் கசிவை ஓட்டத்தில் மோப்பம் பிடிக்க முடியாது. அந்தப் பகுதியை நிறுத்தி, அழுத்தம் வெளிக்காற்றைவிட மேலே வரட்டும். அப்போது ஈரப்படுத்திய சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறும், பினால்ப்தலீன் தாள் இளஞ்சிவப்பாகும். சோப்பு நீரும் உதவும். பூஸ்டரின் ஷாஃப்ட் சீல், வால்வு ஸ்பிண்டில் கிளாண்ட், லோ சைடு ஆயில் பாட் வால்வுகள், கேஜ் இணைப்புகள், சைட் கிளாஸ், சரியாக உட்காராத ரிலீஃப் வால்வு என்று போங்கள். சில சீல்கள் உள்ளிருந்து அழுத்தம் இருக்கும்போது இறுக்கமாக நிற்கும், வாக்குவத்தில் மட்டும் வழிவிடும். அவை இந்தச் சோதனையில் தப்பிவிடும்.

அப்படிப்பட்டதைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது, பொறுமை வேண்டும். பல லோ டெம்பரேச்சர் பகுதிகள் இருந்தால் ஒன்றை ஒரு நாள் முழுக்க தனிமைப்படுத்திவிட்டு பர்ஜ் எண்ணிக்கையைப் பாருங்கள். திறந்துவிட்டு அடுத்ததை மூடுங்கள். எதை மூடியபோது எண்ணிக்கை சரிந்ததோ அங்கேதான் ஓட்டை. ஒருமுறை நாங்கள் இப்படி நான்கு நாள் தேடி, கடைசியில் மூன்று வருஷமாகப் பயன்படுத்தாத ஒரு கேஜ் வால்வின் கிளாண்டில் போய் நின்றோம். நட்டைக் கால் சுற்று இறுக்கினோம், அவ்வளவுதான்.

பபிளரில் அம்மோனியா நாற்றம் அடிக்கிறது. பர்ஜர் போய்விட்டதா?

முதலில் காதைக் கொடுங்கள். காற்றுக் குமிழி தண்ணீரில் உருண்டையாக ஏறி மேலே வந்து உடையும். அம்மோனியாக் குமிழி மேலே வராது, வழியிலேயே தண்ணீரில் கரைந்து சுருங்கி, படபடவென்று வெடிப்பது போல் சத்தம் வரும். தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதற்குப் பதில் பபிளரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அம்மோனியா கரையும்போது வெப்பம் வெளிவரும், தண்ணீர் சூடாகியிருந்தால் அம்மோனியா அதிகமாகப் போகிறது.

நல்ல குமிழிகள் மேலே வருகின்றன, சத்தம் இல்லை, ஆனாலும் நாற்றம் என்றால் தண்ணீர் பழையதாகிவிட்டது. போதுமான அம்மோனியா கரைந்த பிறகு அதால் மேலும் பிடித்து வைக்க முடியாது, சூடான தண்ணீர் இன்னும் குறைவாகத்தான் பிடிக்கும். நீர் வரத்து வால்வையும் ஓட்டத்தையும் பாருங்கள். படபடச் சத்தம் என்றால் ஒன்று பர்ஜர் போதிய அளவு குளிரவில்லை, அல்லது வென்ட் வால்வின் சீட்டில் அழுக்கு உட்கார்ந்து எப்போதும் கசிகிறது, அல்லது ஃப்ளோட் மாட்டிக்கொண்டு திரவத்தையே வெளியே விடுகிறது. மூன்றாவது நடந்தால் உடனே வென்ட்டை மூடிவிட்டு மற்றதைப் பேசலாம்.

பபிளர் தண்ணீரை எங்கே விடுவது?

மழைநீர் வடிகாலில் கூடவே கூடாது. அதன் பிஎச் எளிதாக 11ஐத் தாண்டும், குளத்திலோ ஆற்றிலோ சேர்ந்தால் மீன்கள் சாகும். உங்கள் இடத்துக்குப் பொருந்தும் கழிவுநீர் விதிப்படி, சுத்திகரிப்புக்குப் போகும் வழியில் மட்டும் விடுங்கள்.

பர்ஜ் பாயிண்டைக் கண்டன்சரின் மேல் பக்கத்தில் எடுப்பதா, கீழ்ப் பக்கத்திலா?

காற்று லேசானது, மேலே போகும் என்ற எண்ணத்தில் மேலே எடுத்துவிடுகிறார்கள். ஃப்ரியான் மெஷின்களில் பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும், ஏனென்றால் அந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. அம்மோனியாவில் தலைகீழ். அதன் மூலக்கூறு எடை 17, காற்றுடையது சுமார் 29. அதோடு, கண்டன்சரின் நுழைவாயிலில் சூடான வாயு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், காற்று அங்கே தங்காது. ஓட்டம் அடங்கி, அம்மோனியா திரவமாகி முடியும் கடைசி முனையில்தான் ஒதுங்கும். அதனால் எவாப்பரேட்டிவ் கண்டன்சரில் திரவம் வெளியேறும் முனையில், வடிகுழாயில் நிற்கும் திரவ மட்டத்துக்கு மேலே எடுக்க வேண்டும். ரிசீவரின் வாயுப் பகுதியிலும் ஒரு பாயிண்ட் வேண்டும்.

நான்கு கண்டன்சர் இருக்கிறது. நான்கையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் சீக்கிரம் முடியாதா?

முடியாது, உள்ளதும் கெடும். ஒவ்வொரு கண்டன்சரின் வெளிவாயிலிலும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஒன்றாகத் திறந்தால் அதிக அழுத்தம் உள்ள இடத்திலிருந்து மட்டும் வாயு வரும், மற்றவற்றில் காற்று அப்படியே நிற்கும். பர்ஜ் பைப் வழியாக வெளிவாயில்களெல்லாம் இணைந்துவிடுவதால், அழுத்தம் குறைந்த கண்டன்சரில் திரவம் பின்வாங்கித் தேங்கவும் கூடும். ஒரு நேரத்தில் ஒரே பாயிண்ட், முறைவைத்து. ஆட்டோமேட்டிக் பர்ஜரில் சொலினாய்டு ஒன்று மூடாமல் ஒழுகினாலும் இதே விளைவுதான், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், காற்று மட்டும் குறையாது.

ஃபவுல் காஸ் லைனில் வாயுவுக்குப் பதில் திரவம் வருகிறதே?

பைப்பின் சரிவைப் பாருங்கள். கண்டன்சரிலிருந்து பர்ஜர் நோக்கி ஒரே சீராக இறங்க வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே திரவம் தேங்கி வாயுவை மறிக்கும். குளிர்ந்த வெளிக்காற்றில் நீண்ட பைப் ஓடினால் வழியிலேயே அம்மோனியா திரவமாகும், அங்கே இன்சுலேஷன் வேண்டும். இரண்டும் சரி என்றால் வடிகுழாயின் உயரம் போதவில்லை, திரவம் பர்ஜ் பாயிண்ட் வரை ஏறி நிற்கிறது. அது பைப்பிங் வடிவமைப்பிலேயே உள்ள குறை, பர்ஜரை மாற்றினால் தீராது.

பர்ஜர் ரிப்பேரில் இருக்கிறது. அதுவரை கையால் வெளியேற்றலாமா?

முடிந்தவரை வேண்டாம். 90 சதவீதக் கணக்கை மேலே பார்த்தோம். வேறு வழியே இல்லை என்றால் ஓடும் கண்டன்சரில் செய்யாதீர்கள். நிறுத்தி, தண்ணீர் மட்டும் ஓடவிட்டு நன்றாகக் குளிர்ந்து அடங்கிய கண்டன்சரில், பயிற்சி பெற்ற இருவர் நின்று, வால்வை மிக மெதுவாகத் திறந்து, ஹோஸின் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி செய்ய வேண்டும். குமிழி மேலே வருவது நின்று படபடச் சத்தம் தொடங்கியதும் நிறுத்துங்கள், காற்று தீர்ந்துவிட்டது.

இதில் பலர் அறியாத ஓர் ஆபத்து இருக்கிறது. முனை தண்ணீருக்குள் இருக்கும்போதே வால்வை மூடினால், ஹோஸில் மிஞ்சிய அம்மோனியா தண்ணீரில் சட்டெனக் கரைந்து வாக்குவம் உண்டாகும், தண்ணீர் ஹோஸில் விறுவிறுவென்று ஏறும். வால்வு சரியாக மூடாவிட்டால் அது சிஸ்டம் வரைக்கும் போக வழி உண்டு. அதனால் நான் ரிட்டர்ன் வால்வு இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஓட்டத்தை மிகக் குறைத்து, முனையைத் தண்ணீரிலிருந்து எடுத்த பிறகே முழுக்க மூட வேண்டும். முகக்கவசம் அதுவரை முகத்தில் இருக்கட்டும். வால்வைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போவது என்ற பேச்சே இருக்கக் கூடாது.

அவசரத்துக்குப் பித்தளை ஃபிட்டிங் போடலாமா?

கூடாது. ஈரம் கலந்த அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், பித்தளை வெடிப்பு விடும். அம்மோனியா பக்கம் முழுக்க இரும்பு, ஸ்டீல்தான். பபிளருக்குத் தண்ணீர் கொடுக்கும் சொலினாய்டு தண்ணீர் லைன்தானே என்று பித்தளையில் போடுவார்கள். அம்மோனியா கலந்த தண்ணீர் அதைத் தொடும் இடத்தில் இருந்தால் அதுவும் போய்விடும்.

காற்றோடு வந்த ஈரத்தையும் பர்ஜர் எடுத்துவிடுமா?

எடுக்காது. ஈரம் அம்மோனியாவோடு கலந்து லோ சைடு பாத்திரங்களில் தங்கிவிடும், ஏனென்றால் அங்கே ஆவியாவது அம்மோனியா மட்டும்தான். தண்ணீர் சேரச் சேர, அதே வெப்பநிலை கிடைக்க சக்ஷன் அழுத்தத்தை இன்னும் கீழே இறக்க வேண்டி வரும். கீழே இறக்கினால் வாக்குவம் கூடும், காற்று இன்னும் நுழையும். பர்ஜர் வருஷக்கணக்கில் சுறுசுறுப்பாக ஓடிய பிளான்டில் லோ சைடு அம்மோனியாவின் மாதிரியை எடுத்துத் தண்ணீர் அளவைப் பார்ப்பது அவசியம். அதிகம் இருந்தால் தண்ணீரைப் பிரிக்கும் ரீஜெனரேட்டர் தனியாக வேண்டும்.

பர்ஜரைத் திறக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

சின்னக் கருவி என்பதால் சின்ன வேலை என்று நினைப்பதுதான் ஆபத்து. அதற்குள் ஹை சைடு அழுத்தமும் குளிர்ந்த திரவமும் சேர்ந்தே இருக்கின்றன.

ஃபவுல் காஸ், திரவ லைனை மூடுங்கள், சக்ஷன் மட்டும் திறந்திருக்கட்டும். உள்ளே உள்ள திரவம் சக்ஷனுக்கு ஆவியாகிப் போகட்டும். உறைபனி முழுக்க உருகி, உடல் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு சக்ஷனை மூடுங்கள். கேஜ் சுழியம் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், ஆயிலுக்கு அடியில் அடைபட்ட திரவம் பிறகு கொதிக்கும். கேஜ் ஏறாமல் நிற்கிறதா என்று சில நிமிடம் காத்திருந்து பாருங்கள். எந்தக் கட்டத்திலும் குளிர்ந்த திரவத்தை இரண்டு மூடிய வால்வுகளுக்கு நடுவே அடைக்காதீர்கள். சூடேறும்போது விரிய இடமில்லாமல் பைப்பையோ வால்வையோ பிளந்துவிடும், சொலினாய்டும் நான் ரிட்டர்ன் வால்வும் இந்தக் கணக்கில் மூடிய வால்வுகள்தான். மூடிய வால்வுகளுக்குப் பூட்டும் அட்டையும், மின்சாரத்துக்கும் அப்படியே.

முழு முகக்கவசம், அம்மோனியா கார்ட்ரிட்ஜ், கையுறை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், பத்து மணி நேரம் வரையிலான வேலைக்கு 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) என்று வரம்பு சொல்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அது குறிக்கும் அளவு 300 பிபிஎம். அந்த அளவை நெருங்கினால் கார்ட்ரிட்ஜ் போதாது, சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி வேண்டும். காற்றில் 15 முதல் 28 சதவீதம் அம்மோனியா கலந்தால் தீப்பிடிக்கும் என்பதால் வெல்டிங், நெருப்பு எதுவும் அருகில் கூடாது. திறக்கும்போது உதவிக்கு ஒருவர் கண் பார்வையில் நிற்க வேண்டும், கண் கழுவும் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்.

லாக் புக்கில் பர்ஜர் பற்றி எதை எழுதி வைக்க வேண்டும்?

ஷிப்டுக்கு ஒருமுறை மூன்று விஷயங்கள்: எத்தனை தடவை வெளியேற்றியது, எந்தப் பாயிண்டிலிருந்து அதிகம், அந்த நேரத்து ஹெட் பிரஷரும் திரவ வெப்பநிலையும். ஒரு கண்டன்சரிலிருந்து அதிகம் வந்தால் ஓட்டை அங்கே என்று அர்த்தமில்லை, காற்று ஒதுங்க வசதியான இடம் அது. ஆனால் மொத்த எண்ணிக்கை திடீரென்று இரட்டிப்பானால் அந்த வாரத்தில் யார் எதைத் திறந்தார்கள் என்று பின்னோக்கிப் பாருங்கள். அதே மாதிரி, எண்ணிக்கை ஒரேயடியாகச் சுழியத்துக்கு விழுந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். கசிவு தானாக அடைபடாது. யாரும் எதையும் சரி செய்யாமல் எண்ணிக்கை நின்றிருந்தால், அன்று மாலைக்குள் பர்ஜரைக் கையால் தொட்டுப் பாருங்கள், உறைபனி இருக்கிறதா என்று.